அண்ணியின் சிரிப்பு

ஜூன் 9, திங்கள்

புது சீரியல். நான் குரல் கொடுக்க வேண்டியது வீட்டின் மூத்த மருமகளுக்கு. திரையில் நடிக்கும் பெண்ணுக்கு நம் மொழியில் ஒரு வார்த்தை வராது. அவள் வாயை அசைப்பாள், நான் பேசுவேன். வசனம் எழுதுகிறவர் கதையைச் சொன்னார்: "ஆரம்பத்துல தங்கமான அண்ணி. அப்புறம் மண்டை கழண்டுடும்." நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால்தானே கேள்வி வரும்.

சாப்பிட்டபின் என் மாத்திரை. ஸ்டூடியோவில் அது வைட்டமின்.

ஜூன் 21

நானும் அக்காவும் இருக்கிற வீட்டுக்கு அக்கா மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை வெளியூரில். சில மாதம் இங்கேதான் இருப்பாள். குழந்தை என் நெஞ்சில் சாய்ந்தால்தான் தூங்குகிறாள். நான் பேசும்போது எழும் அதிர்வு அவளுக்குப் பிடித்திருக்கிறது போல. மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசினாலும் தூங்கிவிடுகிறாள்.

"சித்தி, உங்களை நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா மகள்.

"தூக்கியே பழக்காதடி" என்றாள் அக்கா. வாய்தான் சொன்னது. முகமெல்லாம் பூரிப்பு.

ஜூலை 14

இன்று அண்ணிக்கு மண்டை கழன்றது. முடியை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கிறாள். சின்னதாகச் சிரித்துக் கொடுத்தேன். டைரக்டர் மைக்கில் கத்தினார். "என்னம்மா, ஜோக்கு கேட்ட மாதிரி சிரிக்கிறே? பைத்தியம்மா அது! வயித்துலேர்ந்து வரணும்."

வயிற்றிலிருந்து எடுத்தேன். தொண்டையில் உடைத்தேன். கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு கேவல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். சவுண்ட் இன்ஜினியர் கையில் மயிர் கூச்செறிந்ததைக் காட்டினார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எனக்கு வந்தபோது நான் சிரித்தேனா? ஒரு தடவைகூட இல்லை. நான் நினைப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று பயந்து, ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை. எறும்பைக்கூட. அக்கா வந்து பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் ஒரு துணியை எடுத்து இன்னொரு ஜன்னலை அடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இதை எவன் படம் எடுப்பான்?

ஜூலை 30

சிரிப்பு ஊரெல்லாம் பரவிவிட்டது. தெருவில் பிள்ளைகள் அதே மாதிரி கேவுகிறார்கள். ஒரு கடைக்காரர் கைபேசி அடித்தால் என் சிரிப்பு வருகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எழுத மாட்டேன். இத்தனை வருஷமாக யார் யார் வாய்க்கோ பேசியிருக்கிறேன். முதல் தடவையாக ஜனங்களுக்கு என் குரல் தெரிகிறது.

ஆகஸ்ட் 11

அடுத்த வாரக் காட்சிகள் கைக்கு வந்தன. அண்ணி மாத்திரையை வாஷ்பேசினில் கொட்டுகிறாள். கொழுந்தனின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறாள். தண்ணீர்த் தொட்டி.

வசனகர்த்தாவிடம் போனேன். ஒரே ஒரு வரி கேட்டேன். டாக்டர் பாத்திரம் வருகிறதே, அவர் வாயால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த நோயோடு நன்றாக வாழலாம் என்று ஒரு வரி.

"நல்லா வாழுறவளை எவன்மா உக்காந்து பாப்பான்?"

"எல்லாரும் இப்படி இல்லை சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எட்டு வருஷம் மூடி வைத்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "எனக்கே இருக்கு சார்."

பேனாவைக் கீழே வைத்தார். அந்த வரியை எழுதுவார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 12

டைரக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. "ஒரிஜினலையே பக்கத்துல வச்சுக்கிட்டு டூப்ளிகேட்டு கேட்டுட்டு இருந்திருக்கேனே! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

மாடிக் காட்சியை "நிஜமா எப்படியோ அப்படியே" செய்யச் சொன்னார். சரி, ஒரு வாய்ப்பு என்று செய்தேன். சுவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, உதடு மட்டும் அசைய, குழந்தையிடம் கெஞ்சினேன். 'சத்தம் போடாதே கண்ணு, அவங்களுக்குக் கேக்குது.'

டைரக்டர் மைக்கில் சொன்னார்:

"இது வேணாம்மா. இதுல பயமே இல்ல. அந்தச் சிரிப்பையே குடுத்துடு."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? முடியாது என்று இறங்கி வந்திருக்கலாமே. வரவில்லை.

எப்போதும் என்னோடு ஒரே அறையில் பேசுகிற பெண், மாமியாருக்குக் குரல் கொடுப்பவள், இன்று தன் பங்கைத் தனியாகப் பதிவு செய்துகொள்கிறேன் என்றாளாம். ஜலதோஷமாம்.

ஆகஸ்ட் 20

இன்று ஒளிபரப்பு. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். குழந்தை என் மடியில். டிவியில் அண்ணி தொட்டி விளிம்பில் நின்றாள். என் குரல் சிரித்தது.

அக்கா எழுந்து வந்து மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். "பசிக்கும் அவளுக்கு" என்றாள்.

பால் குடித்து அரை மணிகூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 21

குழந்தை தூங்குகிறாளாம்.

ஆகஸ்ட் 24

இன்றும் தூங்குகிறாளாம். உள்ளே அழுகை கேட்டது.

ஆகஸ்ட் 29

அக்கா மகள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறாள். காலையில் என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்க சித்தி. எனக்கு உங்களைத் தெரியும். ஆனா நீங்க பக்கத்துல வந்து பேசினாலே அந்த சீன்தான் ஞாபகம் வருது."

அக்காவிடம் கேட்டேன். "நீ கூட இருந்து பார்த்தவதானே? நான் என்னிக்காவது யாரையாவது தொட்டிருக்கேனா?"

"இல்லடி. நீ தங்கம். நான் இல்லேன்னு சொல்லல." புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். "ஆனா அப்போ வீட்ல குழந்தை இல்லையே."

செப்டம்பர் 3

அக்கா மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். விழுங்கினேன். "வாயைத் திற" என்றாள். திறந்தேன். "நாக்கைத் தூக்கு."

எட்டு வருஷத்தில் ஒரு நாள் தவறவிட்டதில்லை. எனக்கு நானே போட்டுக்கொண்டவை அத்தனையும். என்னடி நெனச்சுட்டு இருக்கே நீ என்று கத்திவிட்டேன். தம்ளர் கை பட்டு விழுந்தது. தட்டிவிடவில்லை, கை பட்டதுதான்.

அக்கா பின்வாங்கினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, உள்ளே இருக்கிற மகளுக்குக் குரல் கொடுத்தாள். "கதவைச் சாத்திக்கடி!"

இனி எனக்குக் கோபம் வரக் கூடாது. மற்றவர்களுக்கு வந்தால் கோபம். எனக்கு வந்தால் அறிகுறி.

செப்டம்பர் 7

பெண்கள் விடுதியில் ஒரு அறை பார்த்து வந்துவிட்டேன். போகாதே என்று அக்கா சொல்வாள் என்று பையை மெதுவாகவே அடுக்கினேன். துணி மடித்துக் கொடுத்து உதவினாள்.

அக்டோபர் 2

அண்ணி கதையில் செத்துப்போனாள். ஆனால் ஜனங்களுக்கு அவளை விட மனசில்லையாம். பேயாக வரப்போகிறாள். எனக்கு வேலை இருக்கும் என்று ஸ்டூடியோவுக்குப் போனேன்.

சவுண்ட் இன்ஜினியர் முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார். "சிரிப்பு எல்லாமே ஸ்டாக்குல இருக்கு மேடம். பேய்க்குப் பேச்சு கிடையாது."

அப்படியானால் வேறு சீரியல்? ஆள் எடுக்கிற மேனேஜர் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். "அம்மா வேஷத்துக்கு உங்களைப் போட்டேன்னு வைங்க. அம்மா எப்போ கழுத்தை நெறிப்பான்னு ஜனங்க காத்திட்டு இருப்பாங்க. குரல்ல முத்திரை விழுந்துடுச்சும்மா. அதோட… ஸ்டூடியோ பசங்களும் கொஞ்சம் பயப்படுறாங்க."

"என்ன பயம்?"

"டீ ஆறிடும், குடிங்க."

அக்டோபர் 19

துணிக்கடைக் கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டும் வேலை. பேச வேண்டியதில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவள் என்னை ஊமை என்று நினைத்து, மூன்று நாள் சைகையிலேயே சாப்பிடக் கூப்பிட்டாள். நல்ல பெண். திருத்தவில்லை.

அக்கா போன் செய்தாள். குழந்தை தவழ்கிறாளாம். ஒரு நாள் வந்து பார்க்கட்டுமா என்றேன். "வா, வா. நாங்க எல்லாரும் இருக்கிற நாளாப் பாத்துச் சொல்றேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

ஆஸ்பத்திரி நாள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் கூட்டம். சுவரில் டிவி. அதில் நம் சீரியலின் மறு ஒளிபரப்பு. மனநோய்ப் பிரிவு வாசலில் இதைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் மாற்றவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு அம்மா, கல்லூரி படிக்கிற வயதில் மகள். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை வருகிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த அம்மா டிவியைக் காட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இவளும் இந்தப் பொம்பளை மாதிரி ஆயிடுவாளாங்க?"

வாரக் கணக்கில் பேசாத தொண்டை. செருமிக்கொண்டேன். "ஆக மாட்டாம்மா. அதெல்லாம் சும்மா. நான் எட்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். வேலைக்குப் போறேன், சமைக்கிறேன், பஸ்ல போறேன், எல்லாம் செய்யறேன். பயப்படாதீங்க."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "தூக்கம் தூக்கமா வருமா ஆன்ட்டி?"

"மொதல்ல கொஞ்சம் வரும். அப்புறம் பழகிடும். டாக்டர்கிட்ட சொன்னா அளவை மாத்திக் குடுப்பார். படிப்பை விட்டுடாதே."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் டிவியில் அண்ணி பேச ஆரம்பித்தாள். 'குழந்தையை என்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன்.'

அந்த அம்மா டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டிவி. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அங்க காத்து வரும், வா" என்றாள். வாசல் ஓரத்து பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை அவள் கன்னத்தில் வந்து முகத்தைத் திருப்பிவிட்டது.

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். இன்னொரு தடவை, சத்தமாக. "இருக்காங்களா, இல்லையா?"

வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்கினேன்.