ஆயில் இருந்தது, நீ சொன்னது சரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறாதே, எல்லாரும் நலம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய், ஆனால் நாம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது, போனில் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினால் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாலு பக்கம் சுற்றி வளைத்துவிட்டுச் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். நம் மோட்டார் சைக்கிளைக் கெடுத்தது நீ இல்லை, நான்தான்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே படுதா போட்டு மூடிக் கிடந்த வண்டியை அப்புறப்படுத்துங்கள், தையல் மெஷின் போட இடம் வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சரி, பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடலாம், அதற்கு முன் ஆயிலை வடித்துவிடலாம் என்று போன வியாழக்கிழமை காலையில் அடியில் தட்டை வைத்து உட்கார்ந்தேன். அளந்து பார்த்தால், வண்டி கெடுவதற்கு முன் கடைசியாக நானே ஆயிலும் ஃபில்டரும் மாற்றியபோது ஊற்றின அளவு அப்படியே இருக்கிறது. நிறமும் தேன் மாதிரி தெளிவாக இருக்கிறது. நான் உன்மேல் பழி போட்ட மாதிரி நீ வழியில் வேறு ஆயில் வாங்கி ஊற்றியிருந்தால் அளவு கூடவோ குறையவோ செய்திருக்க வேண்டும், நிறமாவது மாறியிருக்க வேண்டும். அடுத்து ஃபில்டர் கவரைத் திறக்கப் போனேன். எந்த போல்ட்டை முறுக்கினாலும் அதன் தலையிலிருந்து கவர்வரை சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன் அல்லவா, பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் செக்கிங்கில் இருந்தவனின் பழக்கம், வேறு யாராவது திறந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். மூன்று போல்ட்டிலும் கோடு மயிரிழை விலகவில்லை. எனக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை என்பதற்கு நானே சாட்சி போட்டு வைத்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் பெயின்ட்டால் கெட்டேன். கவரை இழுத்தேன். ஃபில்டர் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். அந்த ஃபில்டருக்கு ஒரு முகத்தில் ஓட்டை, இன்னொரு முகம் மூடியிருக்கும். ஓட்டை எஞ்சினைப் பார்க்க வேண்டும், மூடின முகம் வெளியே பார்க்க வேண்டும், அதன்மேல் ஸ்பிரிங் அமர வேண்டும். நான் ஓட்டையை வெளியே வைத்து அதற்குள் ஸ்பிரிங்கைச் செருகியிருக்கிறேன், அதுவும் அளவெடுத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ஆயில் நிறைய இருந்தும் எஞ்சினின் மேல்பாகத்துக்குப் போகிற வழியை நானே அடைத்துவிட்டேன். இத்தனைக்கும் அதை வாங்கின அன்றைக்குக் கடைக்காரரை நாலு டப்பா எடுக்க வைத்து, பழைய ஃபில்டரைப் பக்கத்தில் நிறுத்தி உயரமும் ஓட்டையும் ஒத்துப் பார்த்து, அவர் கடுப்பாகிற அளவுக்குத் தேர்ந்தெடுத்து வாங்கினேன். இந்தப் பக்கம் வெளியே என்று மூடின முகத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று ஒரு வருஷமாக அதை அலமாரியில் ஒளித்து வைத்திருந்த எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை.

கையில் ஃபில்டரை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வேலைக்கு வெளியூர் கிளம்புவதற்கு எட்டு நாள் முன்பு, ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போன வழியில் மேட்டில் எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆளைத் தூக்கி அடித்துவிடும். சட்டென்று கிளட்சைப் பிடிச்சேன், அதான் விழலைன்னு நீ சொன்னாய். முன்பின் தெரியாத வேன்காரர் உன்னையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். நீ இறங்கினதும் நான் கேட்ட முதல் வார்த்தை ஆயிலைப் பார்த்தியா என்பதுதான். அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. ஆயில் இருக்குப்பா, அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கன்னு சொன்னாய். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. ஆயில் இருந்தா எஞ்சின் எப்படிப் பிடிக்கும், நடுவழியில வாங்கி ஊத்திட்டு வந்து என்கிட்டயே கதை சொல்றியான்னு கேட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நீ கிளம்புகிற அன்று வரேன்பா என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாய். உன்னை வழியனுப்ப அம்மா மட்டும்தான் வந்தாள்.

கேட்டால் சிரிப்பாய், ஃபில்டரைப் பார்த்ததும் முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. என் மகள் பொய் சொல்லவில்லை. இந்தப் பதினொரு மாதமும் எனக்கு வண்டி போனது பெரிதாக இல்லை, என்னிடம் பொய் சொல்கிற பெண்ணாகிவிட்டாயே என்பதுதான் அரித்துக்கொண்டிருந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே பயம் வந்தது. உன்னைக் கொல்லப் பார்த்தது என் கைதான், நீ ஒரு நொடி தாமதித்திருந்தால் இன்றைக்கு நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன். அதை நினைத்து ஒரு மூச்சு அழுதேன், சொல்வதற்கு என்ன.

உண்மையைச் சொல்கிறேன், உடனே போய் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஃபில்டரைச் சரியாகத் திருப்பி வைத்து மூடி, இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு புத்தி போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சமையல் சரியில்லையா என்று அம்மா கேட்டாள். மூன்றாம் நாள் ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன், எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பாரே, அதனால் நீ அவருக்கு நாளைக்கு என்றே பெயர் வைத்தாயே, அவரிடம்தான். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, திருப்பித்தானே போட்டிருந்தீங்க என்றார். நீ போவதற்கு முந்தின நாள் அவரிடம் வந்து, ஆயில் இருந்தும் எஞ்சின் பிடிக்குமா என்று கேட்டாயாமே. ஃபில்டர் திரும்பியிருந்தால் பிடிக்கும், வாம்மா திறந்து பார்த்துடலாம், உங்கப்பாகிட்ட நானே சொல்றேன் என்றாராம். அதற்கு நீ சொன்னதை அவர் அப்படியே சொன்னார். வேணாண்ணா, ரிட்டயர் ஆனதுல இருந்து அப்பா இந்த வண்டியைக் கழட்டி மாட்டிக்கிட்டுத்தான் சந்தோஷமா இருக்கார், தப்பு தன்மேலன்னு தெரிஞ்சா இனிமே ஸ்பானரையே தொடமாட்டார், என் மேலேயே இருந்துட்டுப் போகட்டும்.

அம்மாடி, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். நீ சொன்னதும் சரிதான், அன்று காலையில்தான் டூல்ஸ் பெட்டியைப் பரண்மேல் ஏற்றியிருந்தேன். மெக்கானிக் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து இறக்கினேன். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், அவள் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள். சாயங்காலம்தான் திட்டினாள், நன்றாகவே திட்டினாள்.

வண்டியை விற்கவில்லை. நம் ‘நாளைக்கு’ மெக்கானிக் அதிசயமாக அன்றைக்கே வந்து எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார். மேலே வால்வுகளைத் தள்ளுகிற கேம் ஷாஃப்ட்டும் அதைத் தாங்குகிற இடமும்தான் தேய்ந்திருந்தன, கீழே எல்லாம் தப்பித்தது, கிளட்சைப் பிடித்துச் சட்டென்று நிறுத்தியதால்தான் தப்பித்தது என்றார், ஓட்டினது யாருங்க என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி என்னையே கேட்டார். தேய்ந்ததை மாற்றினோம். ஃபில்டரை நானே போட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்து, புது ரப்பர் வளையத்துக்கு ஆயில் தடவி, கவரை மூடும் முன் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஊரார் வேலையெல்லாம் பார்த்தவன், என் வேலையை இன்னொருவர் பார்க்க நின்றது அதுதான் முதல் தடவை. நேற்று அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஐந்து கிலோமீட்டர் போய் வந்தேன், எஞ்சின் சத்தம் சுத்தமாக இருக்கிறது. தையல் மெஷினுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அங்கே வண்டி பக்கமே போவதில்லை, எவ்வளவு தூரமானாலும் நடக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். என் பேச்சால்தான் என்றால் அதை விட்டுவிடு, உன்னைவிட நிதானமாக ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், ஆனாலும் இனிமேல் என் தப்பை நீ சுமக்காதே. என்னால் தாங்க முடியும். வேலை இடத்திலும் அடுத்தவர் பழியை ஏற்றுக்கொண்டு நிற்காதே, உனக்கு அந்தக் குணம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறக்காமல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்போது இத்தனை நாளும் நான் எடுத்து, ஒன்றும் பேசாமல் அம்மாவிடம் நீட்டிவிடுவேன். அவள் கை துடைத்துக்கொண்டு வருகிறவரை நீயும் பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன், உன் மூச்சு மட்டும் கேட்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு வாரமும் ஓடிப்போய் நானே எடுத்தேன். வருகிற ஞாயிறு நீட்டமாட்டேன், பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா