காரை இறக்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நான் நலம், பிள்ளைகள் நலம், அப்பா நலமில்லை. போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. முதுகில் ஆபரேஷன் ஆன மனுஷனுக்கு மகன் ஏதோ நல்ல தலையணை அனுப்பியிருக்கிறான் என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே இரண்டு குட்டை ஷாக் அப்சார்பர். கூடவே நாலு பக்கத்துக்கு உன் உபதேசம். காரின் உயரத்தை மட்டும் ஏற்றிவிடாதே, சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஸ்ட்ரட் குழாயை அறுத்துக் குட்டையாக்கி வெல்டிங் செய்து, இதை உள்ளே இறக்கினால் அடி தட்டாது என்று. அடேயப்பா, என்ன மூளை! ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், கார் தரையோடு தாழ்ந்து நின்றால்தான் அழகு என்று அப்பா காரின் ஸ்பிரிங்கை அறுத்தாயே, அன்றைக்கு இந்த மூளை எங்கே மேயப் போயிருந்தது?

ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் உள்ளே ஷாக் அப்சார்பரின் தண்டு ஏறி இறங்க இடம் இருக்காது. இது எனக்கே புரிகிறது. உனக்கும் புரிந்துதான் இருக்கிறது. அதற்கு நீ செய்த வைத்தியம் என்ன? இடத்தை அடைக்கிறது என்று, கடைசியில் அடியைத் தாங்குவதற்காக இருந்த ரப்பரையும் கழற்றி வீசிவிட்டாய். இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் இரும்போடு இரும்பு மோதுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் வேகத்தடைதான். அப்பா ஜன்னலுக்கு மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வலிக்குதா என்று கேட்டால், ரோடு சரியில்லை என்பார்.

உன் அருமைச் சிநேகிதன் இருக்கிறானே, அந்த ஒர்க்ஷாப்காரன், அவனிடமும் காட்டினேன். காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். வண்டி சூப்பரா நிக்குதுக்கா, இதைப் போய் ஏத்தணுமா என்று என்னிடமே கேட்டான். நீ எழுதினபடி செய்தால் குலுக்கல் குறையுமா என்றேன். தலையைச் சொறிந்தான். அடி தட்டாது, ஆனால் கூடவே விறைப்பான ஸ்பிரிங் போட வேண்டியிருக்கும், குலுங்கத்தான் செய்யும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுக்கா என்றான். வண்டிக்கு ஒன்றும் ஆகாதாம்! ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், உங்கள் இரண்டு பேரையும் வேறு எப்படிச் சொல்வது?

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு வாராவாரம் வந்தாக வேண்டும், வழியில் தூக்கிப் போடவும் கூடாது. முதுகில் வைத்த திருகு அசைந்துவிட்டால் மறுபடி எழுந்து நடப்பது கஷ்டம் என்றார். அதனால் உன்னைக் கேட்காமலே கம்பெனி ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் வாங்கிவிட்டேன். மாட்டுவது ஒரு மத்தியான வேலை. உன் சிநேகிதனையும் உருட்டி மிரட்டிச் சம்மதிக்க வைத்தேன். வீட்டு வாசலுக்கே வந்து ஜாக்கியை எடுத்து வைத்தான்.

அப்பா விடவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கார் முன்னால் நின்றுவிட்டார். அவன் செஞ்சது அப்படியே இருக்கட்டும், வந்து அவனே மாத்தட்டும் என்கிறார். ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கிளம்பின அன்று, என் காரை நாசமாக்கிட்டே, இனிமே என் பொருள் எதையும் தொடாதே என்று கத்தினார். துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, சொல்லாமல்கூடப் போய்விட்டாய். அதற்கப்புறம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு பேச்சுதான் மகனை விரட்டிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தப்பு செய்தவன் நீ, தண்டனை அனுபவிக்கிறவர் அவர். நன்றாக இருக்கிறது நியாயம்.

டாக்ஸியில் போகலாம் என்றேன். வீட்டில் கார் இருக்கும்போது எதற்கு என்றார். இப்போது பயிற்சிக்கே வரமாட்டேன் என்கிறார், எல்லாம் சரியாகிவிட்டதாம். படுக்கையிலிருந்து பாத்ரூம் போவதற்குள் இரண்டு தடவை சுவரில் சாய்ந்து நிற்கிறார். இடது கால் மரத்துப் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

உன்னை மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. அது உன் பரம்பரையிலேயே கிடையாது, அப்பாவைப் பார்த்தாலே தெரிகிறது. போன் செய்து, அப்பா, ஸ்பிரிங்கை மாத்திடுங்க என்று சொல். அது போதும். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் உளறிவிடாதே. காலையில் பெல்ட் கட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, கையைப் பிடித்து நடத்துகிறவள் நான். மாதக்கணக்கில் சொல்லியும் என் பேச்சு ஏறவில்லை. நீ அங்கிருந்து ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால், அவரே ஜாக்கியை எடுத்து வந்து கொடுப்பார்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. கூப்பிடுடா.

இப்படிக்கு,
உன் அக்கா