என் பெயரை எழுதாத அக்காவுக்கு

அக்கா, காலையில் பல் துலக்க உமிக்கரி நுணுக்கினேன். கை கறுத்ததும் உங்கள் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உமிக்கரியைக் கல்லில் தேய்த்து ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால், வெட்டிய எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும் என்று காட்டிக்கொடுத்தவர் நீங்கள்தானே.

சைகோனில் உத்தியோகம் பார்க்கும் சின்ன மாமனார், நம் சனங்கள் யார் யார் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். தன் பிள்ளைகளுக்கு வம்சம் தெரியவேண்டுமாம். வீட்டில் மடத்துப் பள்ளியில் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். மாமனார் மாட்டுவண்டி கட்டிக்கொடுத்தார். துணைக்குத் தம்பி பெண்டாட்டி நான். தாலியறுத்த இரண்டு பேரைக் கல்லறைக்கு அனுப்ப யாரும் யோசிக்கவில்லை. எனக்கோ வாசலைத் தாண்டினாலே போதும் என்றிருந்தது.

பாகூர்ப் பக்கம் உங்கள் புக்ககத்துக் கல்லறைகளை நீங்கள் தனியாகவே முடித்திருந்தீர்கள். வில்லியனூர்ப் பக்கம் நான் துடைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன், நீங்கள் எழுதுவீர்கள். கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும் என்பது மாமனார் கட்டளை. உங்கள் தம்பியின் கல்லுக்கு வந்ததும் வாசிக்காமல் துணியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பெயருக்குக் கீழே என் பெயர். பிறந்த வருஷம் உண்டு. இறந்த வருஷத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். புருஷனுக்குக் கல் நடும்போதே பெண்டாட்டிக்கும் சேர்த்து வெட்டிவிடுவது நம் சனங்களின் வழக்கமாயிற்றே. முன்பு என் பிறந்த ஊர் கரியமாணிக்கத்திலிருந்து அண்ணன் என்னை அழைத்துப்போக வந்தபோது மாமனார் சண்டை போடவில்லை. இந்தக் கல்லிடம் கூட்டிப்போய்க் காட்டினார், அவ்வளவுதான். அண்ணன் மோர் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நீங்கள் என் பெயரை எழுதவில்லை. மாமனார் சத்தம் போடப்போகிறாரே என்று கல்லைக் காட்டினேன்.

"உசுரோட இருக்கறவள செத்தவங்களோட எழுத மாட்டேன்டி. அடுத்த கல்ல தொட" என்றீர்கள்.

சைகோனிலிருந்து பதில் வந்தபோது வீடே கலங்கிவிட்டது. உங்கள் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்களாம்! பாகூரில் உங்கள் புருஷன் கல்லில் இருந்த உங்கள் பெயரை நீங்களே இறந்தவர்களோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மாமனார் கத்தக் கத்த, இனி நான் செத்தால் வில்லியனூர்ச் சாமியாருக்கு ஒரு பூசை மிச்சம் என்று சிரித்தீர்கள். அப்புறம் கிணற்றடியில் தனியாகப் பிடித்து, ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அவரு போன அன்னிக்கே என்னையும் சேத்துத்தான்டி பொதைச்சாங்க. நீ இன்னும் பொதையல."

உங்கள் பெயரை எடுத்துத் திருத்தி எழுதச் சொன்னார் மாமனார். என் பெயர் விட்டுப்போனது அவர் கண்ணிலேயே படவில்லை.

அண்ணன் பிறகு வரவேயில்லை. நான் இதே வீட்டில்தான் நெல் அவிக்கிறேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். வெளியே போக வழி தெரியவில்லை, கோபம்தான் வருகிறது. நீங்கள் இருந்தபோது சேர்ந்து திட்டவாவது ஓர் ஆள் இருந்தது.

கல்லறைத் திருநாளன்று சைகோன் வீட்டில் நீங்கள் எழுதியனுப்பிய பெயர்களையெல்லாம் வாசித்துச் செபிக்கிறார்களாம். நீங்கள் இறந்ததை மாமனார் எழுதிவிட்டார், இந்த வருஷம் உங்கள் பெயரையும் சேர்த்து வாசிப்பார்கள். என் பெயரை வாசிக்கமாட்டார்கள். இங்கே எல்லாரும் என்னை முடிந்துபோனவளாகத்தான் வைத்திருக்கிறார்கள், அக்கா. நான் பார்த்தேயிராத அந்த வீட்டில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.