மாராவில் ஒரு சிறுத்தை

12 ஓகஸ்ட், லா சப்பல்
ஞாயிறன்று சென் தெனியில் கலியாணப் படம் எடுக்கும்போது மணப்பெண்ணின் தகப்பனை இடித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் கண்ணில் படவில்லை. இன்று கண் வைத்தியர் சொன்னார்: பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது, திருத்த வழியில்லை. மனைவி மார்கிரட்டிடம், "கண்ணாடி மாத்தவேணுமாம்" என்று மட்டும் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் கலியாணப் படம் எடுத்தவன். இனி?

13 ஓகஸ்ட்
கென்யாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், எனக்கும், கலியாணங்களுக்கு இரண்டாவது கமராவோடு கூட வரும் மகள் சாண்ட்ராவுக்கும். மன்னாரில் காட்டோரம் பிறந்தும் ஒரு சிறுத்தையைக் கண்டதில்லை. பார்வை இருக்கும்போதே ஒன்றைப் படமெடுக்கவேண்டும்.

3 செப்டம்பர், மசாய் மாரா
சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி. சிறுத்தை இல்லை. சாரதி யோசப் சேற்றில் சிறுத்தையின் கால்தடம் காட்டினார். காலையில் பதிந்ததாம்.

5 செப்டம்பர்
இன்றும் இல்லை. "யானையை எடுங்கோவன் அப்பா" என்றாள் சாண்ட்ரா. எரிந்து விழுந்தேன். பிள்ளை என்ன செய்தது?

6 செப்டம்பர்
ஜீப் படியை இரண்டு தடவை தவறவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளை ஒரு காலைதான் மிச்சம்.

7 செப்டம்பர்
யோசப் வண்டியை நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார். சாண்ட்ரா உடனே கண்டுவிட்டாள். நான் தேடினேன் — இலை, கொப்பு, மறுபடியும் இலை. எங்கை?
"கண்டிட்டன்" என்றேன். பொய்.
என் லென்ஸ் பார்த்த பக்கத்தை அவளும் பார்த்தாள்.
"அப்பா, அது அங்கை இல்லை." பிறகு மெதுவாக, "எப்ப இருந்து உங்களுக்குத் தெரியேல்லை?"
அவள் என் கன்னத்தில் கை வைத்து முகத்தைத் திருப்பினாள். "இன்னும் மேல. ஓம், அதிலை நில்லுங்கோ."
இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு.
மூன்று படம் எடுத்தேன். பிறகு குதித்துப் புல்லுக்குள் போய்விட்டது.
வைத்தியர் சொன்னதையெல்லாம் திரும்பும் வழியில் சொன்னேன்.
"அம்மாவுக்குத் தெரியுமோ?"
"இல்லை."
முகாமில் இறங்கும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

9 செப்டம்பர், லா சப்பல்
மார்கிரட்டிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். "ஒரு மாசமா என்னட்டை மறைச்சிருக்கிறியள்" என்றாள். கார்ச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

16 செப்டம்பர்
ஞாயிறன்று திரான்சியில் நடந்த கலியாணத்தில் சாண்ட்ராதான் படம் எடுத்தாள். நான் கதிரையில் இருந்தேன். படங்களை இன்றுதான் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில், பின்வரிசையில் தனியே நின்று அழும் மணப்பெண்ணின் தங்கையை எடுத்திருக்கிறாள். நானென்றால் அந்தப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டேன்.
பியர்ஃபித்திலிருந்து ஒருவர் அழைத்தார், ஒக்டோபரில் மகனின் கலியாணமாம். "மகள்தான் வருவா" என்றேன்.