கரடியின் கையெழுத்து

என் கோபக்காரிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது கரடி. மல்யுத்த மேடையில் என்னைத் தூக்கி அடிப்பானே, அவனேதான். இப்போது எனக்குச் சாப்பாடு ஊட்டுவதும் அவன்தான்.

பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாத தொழில் ரகசியம் ஒன்றை இன்று உடைக்கிறேன். யார் ஜெயிப்பது என்று பேசிவைத்துக்கொண்டுதான் நாங்கள் மல்யுத்தம் செய்வோம். விழுந்து கிடப்பவனின் கையை எதிராளி யாருக்கும் தெரியாமல் பிடிப்பான். திருப்பி அழுத்தினால், அடி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

நீ முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்த அன்று நான் மயங்கியவன்போலக் கிடந்தேன். நீ கயிற்றுக்குள் நுழைந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாய்.

"ஏங்க, கண்ணைத் திறங்க! ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க!"

அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அழுத்தவில்லை. பிறகு உள்ளறையில் நானும் கரடியும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். அன்றே உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

போன மாதம் அவன் தூக்கிப் போட்டபோது நான் தலைகுப்புற விழுந்தேன். கழுத்தை மடக்காதது என் தப்புதான். இந்த வரியை எழுத மாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கிறான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுத்துடா, அழுத்துடா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"அழுத்திட்டுதான்டா இருக்கேன்" என்றேன்.

நீ வா. வந்து என் கையைப் பிடி. உன் கைக்குத் தெரியாது, ஆனால் நான் அழுத்திக்கொண்டேதான் இருப்பேன்.

உன் வீட்டுக்காரன்