டெல்பினின் போன்

இசித்ரோ,

உன்னைத் தேடி ஐஸ் ஆலைக்குப் போகிறேன். வழியில் உன்னைத் தவறவிட்டு நீ முதலில் வந்துவிட்டால் வீட்டிலேயே இரு. வினிகரில் வேகவைத்த மீனை மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு. படகுத்துறைக்கு மட்டும் போகாதே.

தினமும் சாயங்காலம் அங்கே நின்று நீ போனில் பேசுவது ஒரு பெண்ணோடுதான் என்று மூன்று மாதமாகச் சண்டை போட்டேன். அவள் யாரென்று கண்டுபிடிக்க, இன்று அந்தப் போனை இலோயிலோ சந்தையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாசிங்கிடம் கொண்டுபோனேன்.

"இது ஜப்பான் போன், அக்கா. இது பிடிக்கிற அலைவரிசையில நம்ம நாட்டுல ஒரு டவரும் கிடையாது. இங்க வந்த நாள்லேர்ந்து இதுல ஒரு கால்கூட வந்திருக்காது," என்றாள்.

வேலை பார்த்த ஜப்பான் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோன உன் தம்பி டெல்பினின் சாமான் பெட்டியில் வந்த போன் அது. துக்கத்தில் நீ தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய் என்று நினைத்து வழியெல்லாம் அழுதேன்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்ததும் அது அடித்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எடுத்தேன். டெல்பினின் குரல்.

"அண்ணி, அண்ணன் கிளம்பியாச்சா?"

"எங்க?" என்றேன்.

"இன்னைக்கு எங்கிட்டயே வந்துர்றேன்னு நேத்து சொன்னாரே."

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. உன் துக்கத்தைக் கேட்காமல் சண்டை போட்டது என் தப்பு. இனி என்னிடம் பேசு.

கோரிங்

போன் என் பையில் இருக்கிறது, தேடாதே.

இன்னொன்று. டெல்பின் ஒருநாளும் என்னை அண்ணி என்று கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். குரல் அவனுடையதுதான். பேசியது அவன் இல்லை.