வீடியோவில் இல்லாத பூட்டு

தோஸ்த்,

இன்று மதியம் நம் ஷூ கம்பெனி கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனை நோண்டினேன். பிரியாணிக்கு எப்படித் தம் போடுவது என்று பார்க்கத்தான் போனேன். ஆம்பூரில் பிறந்துவிட்டு இதற்கு வீடியோவா என்று நீ இருந்திருந்தால் மானத்தை வாங்கியிருப்பாய். ஆனால் போன் தானாகவே நாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரனின் கைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே சுத்தமான நகங்கள், அதே மேசை, இடுக்கியில் பிடித்து வைத்த பளபளப்பான பூட்டு. சாவியில்லாமல் அதைத் திறந்து, சிரித்துக்கொண்டே ஆட்டிக் காட்டினான். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போவது இந்தப் போனுக்குத் தெரியாது.

அந்தப் பூட்டுப் பைத்தியத்தை ஆரம்பித்தது நான்தான். லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டு, மேஸ்திரியிடம் திட்டு வாங்கப் பயந்து, வீடியோ பார்த்துப் பூட்டைத் திறந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை, உன்னையும் இழுத்துவிட்டேன். பழைய குடைக்கம்பியை ராவி ஒன்று, ஷூவின் அடியில் வைக்கும் தட்டை எஃகுத் துண்டைத் தேய்த்து ஒன்று என்று கருவிகள் செய்துகொண்டோம். சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நம் லாக்கர் பூட்டுகளோடு மல்லுக்கட்டினோம். நம் பூட்டைத் தவிர வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

வீடியோவால் பிரயோஜனம் உண்டா என்பதில்தான் நமக்கு ஓயாத சண்டை.

"அவன் தொறக்கறத பாத்துனு இருக்க. நீ எப்ப தொறக்கப் போற?" என்பாய்.

"வீடியோ இல்லன்னா கம்பிய எந்தப் பக்கம் விடறதுன்னே உனக்குத் தெரியாது."

"அவன் கை வலிச்சத வெட்டிட்டான். பூட்டு மாட்டிக்கினு பேஜார் பண்ணத வெட்டிட்டான். மிச்சத்ததான் உனக்குக் காட்றான், நீ வாயப் பொளந்துனு பாக்கற."

அதோடு நிற்க மாட்டாய். என் போனைப் பிடுங்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்பாய். ரேடியோவா கேட்கிறாய் என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஜும்மா தொழுகைக்காகக் கம்பெனியில் நீண்ட இடைவேளை. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள், மற்ற பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீ வழக்கம்போல ஸ்டோர் ரூமின் கடைசியில், லைனிங் துணி உருளைகளுக்குப் பின்னால் பாயை விரித்துத் தொழுதுகொண்டிருந்தாய். ஸ்டோர்காரர் வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டது உன் காதில் விழுந்ததாம். தொழுகையில் நிற்பவள் எப்படிப் பதில் சொல்வாய்? நீ சலாம் கொடுத்து முடிப்பதற்குள் அவர் மெயின் சுவிட்சை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழப் போய்விட்டார்.

இருட்டில் ஓடிவந்தவள் ஷூ ஒட்டும் சொல்யூஷன் டின்னில் இடறி விழுந்தாய். டின் கவிழ்ந்தது. உனக்கோ வீசிங்.

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதே அந்த நெடி வராண்டா வரைக்கும் வந்திருந்தது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு. அதில் மூக்கை வைத்துக்கொண்டு நீ படுத்திருந்தாய். வீசிங்குக்கு நீ வாயில் அடிக்கும் பம்ப் வெளியே உன் பையில் இருந்தது. எடுத்து வந்தேன், இடுக்கில் அது நுழையவில்லை. ஸ்டோர்காரருக்கு அடித்தேன், போன் அணைந்திருந்தது. தொழுகை நேரத்தில் யார்தான் போனைத் திறந்து வைப்பார்கள்? கேன்டீன் அக்காவைப் பள்ளிவாசலுக்கு விரட்டினேன். தெருவரைக்கும் வரிசை நிற்கும் ஜும்மாவில் அவரை எங்கே போய்த் தேடுவது? சுத்தியலை எடுத்து ஓங்கினேன்.

"அடிக்காதடி!" என்றாய் உள்ளே இருந்து. "சொல்யூஷன் கொட்டிச்சு. நெருப்பு பொறி வந்தா..."

சுத்தியலைக் கீழே வைத்தேன். பிறகுதான் இடுப்பில் சொருகியிருந்த கம்பிகள் ஞாபகம் வந்தன.

அந்தப் பூட்டை யாரும் அறுத்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றி இரும்புக் கூடு அடித்திருந்தார்கள். சாவித் துவாரம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. குப்புறப் படுத்து, கூட்டுக்குள் கையை வளைத்து விட்டால்தான் எட்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அத்தனை வீடியோவில் ஒன்றிலாவது ஒருவன் இப்படிப் படுத்துக் கிடந்து பார்த்ததில்லை. வெயிலில் காய்ந்த ஷட்டர் கன்னத்தைச் சுட்டது. பதற்றத்தில் அழுத்தி அழுத்தியே கம்பியை வளைத்துவிட்டேன்.

"வரலடி, ஒண்ணுமே தெரியல!" என்று அழுதேன்.

"பாக்காத," என்றாய். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தது. "ஷூக்குள்ள... ஆணி தேடறல்ல. அப்டி."

நீயும் நானும் வருஷக்கணக்காகச் செய்த வேலை அது. ஷூவுக்குள் கையை விட்டு, எட்டிப் பார்க்காமலே, ஆணி முனை நிற்கிறதா, லைனிங் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் கண்டுபிடிப்போம். வளையாத கம்பியை எடுத்துக் கண்ணை மூடினேன். அழுத்தத்தைத் தளர்த்தினேன். உள்ளே சாவி தூக்கிவிடும் முளைகளில் ஒன்று மேலே ஏறும் மெல்லிய துடிப்பு கம்பி வழியாக விரலுக்கு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

அதற்குள் உனக்குப் பேச்சு நின்றிருந்தது. பேசினால் மூச்சுப் போகிறது என்று விரலால் ஷட்டரைத் தட்டத் தொடங்கியிருந்தாய். டொக், டொக். நீ இருக்கிறாய் என்பதற்கு எனக்கு அது ஒன்றுதான் சாட்சி. ஆனால் நீ தட்டும்போதெல்லாம் ஷட்டர் அதிர்ந்தது, பூட்டு அதிர்ந்தது, ஏறி நின்ற முளைகள் நழுவி விழுந்தன. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி தட்டினாய். மறுபடி விழுந்தன.

"தட்டாத," என்றேன். "கொஞ்ச நேரம் தட்டாத தோஸ்த்."

நீ நிறுத்திவிட்டாய்.

நான் சொன்னதால் நிறுத்தினாயா, முடியாமல் நிறுத்தினாயா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம், கேட்டால் பதில் சொல்ல மூச்சை வீணாக்குவாய். என் வாழ்க்கையில் அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. கத்த வேண்டும்போல வாய் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். விரல் மட்டும் உள்ளே துழாவிக்கொண்டிருந்தது. கடைசி முளை ஏறியதும் பூட்டு என் கையில் தளர்ந்து திரும்பியது.

ஷட்டரைத் தூக்கி, உன்னை இழுத்து வராண்டாவில் போட்டு, பம்ப்பை வாயில் வைத்து அழுத்தினேன். நீ கண்ணைத் திறந்தாய். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வீடியோக்காரனுக்கு இவ்ளோ நேரம் ஆவறதில்லையே," என்றாய். நான் உன்னை அறையப் போனேன், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

நம் சண்டைக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன், கேள். வீடியோவால் பிரயோஜனம் உண்டு. அது இல்லாவிட்டால் அன்று என் இடுப்பில் கம்பியே இருந்திருக்காது, பூட்டுக்குள் முளை இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் அவன் முன்னால் இருந்தது வெறும் பூட்டு. அதற்குப் பின்னால் யாரும் மூச்சுக்குத் தவிக்கவில்லை. கை நடுங்கும்போது என்ன செய்வது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஆக, நீ சொன்னதிலும் பாதி சரிதான். இதை நீ இருக்கும்போது ஒப்புக்கொண்டிருந்தால் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பாய்.

போன மழையில் உன் நெஞ்சு அடைத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் உன் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பேச முடியாமல் என்னைப் பார்த்தாய். உன் விரல் கட்டில் கம்பியைத் தட்டியது. அந்தக் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"தட்டு," என்றேன். "தட்டிக்கினே இரு."

தட்டினாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் மகள் அந்தப் பக்கம் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். விரல் மெலிந்தது, இடைவெளி விட்டது, மறுபடி வந்தது. இன்னும் லேசாக ஒரு தரம் வந்தது. இன்றைக்கும் என் உள்ளங்கையில் அது அப்படியே இருக்கிறது. அதன் பிறகு உன் விரல் நின்றுவிட்டது. மெஷின் சத்தம் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை நான் நிறுத்தச் சொல்லவில்லை, தோஸ்த்.